என் வீட்டுக்காரர் ஏணி தங்கவேல் இல்லை

அக்டோபர் 6, திங்கள்

படுத்தே கிட என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எட்டாம் மாதம். குளிக்கலாம், பாத்ரூம் போகலாம், மற்றபடி கட்டில்தான் கதி. எனக்குக் கையும் வாயும் சும்மா இருக்காது. வாய்க்கு மாமியார் இருக்கிறார். கைக்கு ஒரு டைரி வாங்கிவரச் சொன்னேன். அக்டோபர் மாதத்தில் யார் டைரி வாங்குவார்கள் என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே பாதி விலைக்குக் கொடுத்தாராம்.

டிவி முழுக்க ஏணி தங்கவேல்தான். மாடியில் ஏணி போட்டு ஏறி நகை திருடுகிறவன். போன வருஷம் ஒரு வீட்டில் முழித்துக்கொண்ட அம்மாளைத் தள்ளிவிட்டு ஓடினான், அந்த அம்மாள் மண்டை உடைந்து செத்துப்போனார். வெள்ளிக்கிழமை கோர்ட்டிலிருந்து ஜெயிலுக்குக் கூட்டிப்போகிற வழியில் போலீஸையும் தள்ளிவிட்டு ஓடிவிட்டான். தள்ளிவிடுவதுதான் அவன் தொழில் போலிருக்கிறது. போட்டோ போட்டார்கள். ஒடுங்கிய முகம், குழி விழுந்த கண், கழுத்து வரை தாடி.

அத்தை டிவியைப் பார்த்தார். பிறகு வாசலில் பர்னர் துடைத்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"ஏம்மா பூங்கொடி, நம்ம அய்யாறு சாயல் தெரியல?"

"உங்க புள்ளைக்கு அவ்வளவு களை ஏது அத்தை?" என்றேன்.

சாயல் இருக்கத்தான் செய்கிறது. எல்லாம் அந்தத் தாடி. பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் சவரம் செய்யக் கூடாது, முடி வெட்டக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் பி.எஸ்சி. இயற்பியல். அவர் ஆசைப்பட்டு வளர்க்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

ஏணி தங்கவேல் பழனியில் மொட்டை அடித்துக்கொண்டானாம். அதே நாள் ராமேஸ்வரத்தில் தாடியோடு தர்ப்பணம் கொடுத்தானாம். பெங்களூரில் ஒரு ஐ.டி. கம்பெனி வாசலில் டீ குடித்தானாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். போலீஸ் மட்டும்தான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை புள்ளம்பாடியிலும் பார்த்தார்களாம்.

புளிச்சோறு சாப்பிட வேண்டும் போல இருந்தது. அத்தை செய்து கொடுத்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்று டிவியில் மேப் போட்டுக் காட்டினார்கள். தங்கவேல் எங்கெங்கே தென்பட்டான் என்று சிவப்பு அம்புக்குறி. திங்கள் புள்ளம்பாடி. செவ்வாய் சமயபுரம். புதன் மண்ணச்சநல்லூர். வியாழன் திருமானூர். கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்து, "இவன் ஒரு ஊரில் ஒரு நாளைக்கு மேல் தங்குவதில்லை, இது கைதேர்ந்த குற்றவாளியின் உத்தி" என்று விளக்கினார்.

உத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது என் வீட்டுக்காரர் லைன். கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர். டிவிஎஸ் வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு ஊர். ஆறு வருஷமாக அதே கிழமைக்கு அதே ஊர். இன்று அன்பில், நாளை பூவாளூர். வேண்டுமானால் கோட்டுக்காரர் முன்கூட்டியே அம்பு போட்டுக்கொள்ளலாம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. வண்டி மைக்கில் ஓடுவது என் குரல். "கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்கறது, குக்கருக்கு கேஸ்கட் போடறது, கைப்பிடி மாத்தறது" என்று கல்யாணமான புதிதில் பதிந்து கொடுத்தேன். பொம்பளைக் குரல் என்றால் பெண்கள் தயங்காமல் கதவைத் திறப்பார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. இன்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "உஷாரா இருங்கப்பா, தங்கவேல் ஒரு பொம்பளையக் கூட்டாளியா வச்சிருக்கான், அவ குரல் குடுத்துக் கதவத் திறக்க வைக்கிறா."

அவர் திரும்பி வந்ததும் காட்டினேன். வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அப்படியே நின்று சிரித்தார்.

"பரவால்ல கொடி, நீ ஃபேமஸ் ஆயிட்ட."

அத்தை சிரிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா விரால் மீன் குழம்போடு வந்தார். குழம்பு பிரமாதம். கூடக் கொண்டுவந்த யோசனைதான் சரியில்லை.

"பூங்கொடி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. தாடிய எடுத்துறச் சொல்லு. நாளைக்கு எவனாவது கூட்டமா சேந்து அடிச்சுட்டா என்ன பண்ணுவ? இந்தக் காலத்துல போய் இதெல்லாம் பாக்கறியே."

அத்தையும் சேர்ந்துகொண்டார். "நானே சொல்றேன். குலதெய்வத்துக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சுட்டு எடுத்துரலாம். சாமி ஒண்ணும் கோவிக்காது. இவதான் விட மாட்டேங்கறா."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "எடுக்க மாட்டார்" என்றேன். "அவர் மூஞ்சி, அவர் தாடி. ஒரு திருட்டுப்பயல் தாடி வச்சிருக்கான்னு ஊர்ல இருக்கறவனெல்லாம் சிரைச்சுக்கணுமா? அவன் சட்டை போட்டிருந்தான்னா எல்லாரும் சட்டையக் கழட்டிருவீங்களா?"

ரெஜினா அக்கா குழம்புக் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அத்தை, பிளேடு பாக்கெட்டைக் காணோம் என்று அலமாரியைக் குடைந்தார். எங்கே போச்சோ. இந்த வீட்டில் எலித் தொல்லை அதிகம்.

அக்டோபர் 15, புதன்

சட்டை கிழிந்து வந்தார்.

மண்ணச்சநல்லூரில் ஒரு வீட்டில் அடுப்பைப் பிரித்துப் போட்டு பர்னர் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் இருபது பேர். வண்டிச் சாவியைப் பிடுங்கியாயிற்று. நாலு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். ஆதாரைக் காட்டியிருக்கிறார். அதில் இருப்பது கல்யாணத்துக்கு முந்தின முகம், மீசை மட்டும்தான். "இது வேற ஆளு. எவன் ஆதாரையோ அடிச்சுட்டு வந்திருக்கான்" என்று ஒருவன் கன்னத்தில் அறைந்திருக்கிறான். ஆறு வருஷமாக இவர் அடுப்பைப் பார்த்துக் கொடுத்த தெரு அது. வீட்டுக்காரப் பெண்மணி மட்டும், "ஐயோ, அது நம்ம குக்கர்காரருப்பா" என்று கத்தியிருக்கிறார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. போலீஸ் வந்து பெயர் விலாசம் விசாரித்து விட்டிருக்கிறது. போகும்போது, "ஏன்யா உனக்கு இந்த வம்பு, தாடிய எடுத்துட்டுப் போயேன்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். தாடிக்குள் விரல் பட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"எடுத்துரட்டுமா கொடி?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"உங்க இஷ்டம்."

"உன் இஷ்டத்தக் கேக்கறேன்."

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லன்னு தெரியும்ல. உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எடுக்கவும் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

லைனுக்குப் போக வேண்டாம் என்றேன். திருமானூரில் ஒரு குக்கர் வாக்குக் கொடுத்த வேலை என்று போய்விட்டார். நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

முதல் குழந்தையைப் பற்றி இதில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். சும்மா கிடந்தால் அதுதான் வருகிறது. நாலு வருஷமாயிற்று. ஆறாம் மாதம். அசைவு நின்றுபோனது. அதற்கு முந்தின வாரம் அவர் சிநேகிதன் கல்யாணம் நாகப்பட்டினத்தில். மாப்பிள்ளைத் தோழன் என்று முகத்தை வழவழவென்று வழித்துக்கொண்டு வந்து நின்றார். நன்றாக இருக்கிறது என்று நானும்தான் சொன்னேன். தொப்புள்கொடி சுற்றிக்கொண்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவரிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அக்டோபர் 18, சனி

செய்துவிட்டேன்.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு, வீடியோ எடுத்துப் போட்டுவிட்டேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "வேணாமே" என்றார். அத்தை கதவு மறைவில் நின்றுகொண்டார்.

பேசியது இதுதான்:

"என் பேரு பூங்கொடி. இவரு என் வீட்டுக்காரர் அய்யாறு. இவரு ஏணி தங்கவேல் இல்ல. மாடி ஏறத் தெரியாது, தென்ன மரத்தப் பாத்தாலே தலை சுத்தும். நான் மாசமா இருக்கேன், அதனால தாடி வச்சிருக்காரு. உங்க வீட்டு ஆம்பளைங்களும் வச்சவங்கதான். நீங்க டிவியில மேப் போட்டுக் காட்டறது இவரு வேலைக்குப் போற ஊருங்க. மைக்ல பேசற கூட்டாளி நான்தான், கேட்டுக்கங்க: கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்கறது, குக்கருக்கு கேஸ்கட் போடறது. தீபாவளி முடிஞ்சு புதன்கிழம மண்ணச்சநல்லூருக்கு வருவாரு. அடுப்பு ரிப்பேர்னா கூப்பிடுங்க. கை வச்சா நான் வருவேன், இந்த வயித்தோட வருவேன். அப்புறம், தங்கவேலு தங்கவேலுன்னு இத்தனை பேசறீங்களே, அவன் கொன்ன அந்தம்மா பேரு ஒருத்தருக்காவது தெரியுமா?"

கடைசி வாக்கியம் யோசித்து வைத்ததில்லை. வாயில் வந்துவிட்டது. எனக்கும் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அத்தை எண்ணெய் வைத்துவிட்டார். எனக்கு மட்டும் அதிரசம் தனியாக எடுத்து வைத்தார். இனி உப்பு, காரம் பற்றி எழுதுவதில்லை.

வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அவர் போன் ஓயவில்லை. துறையூர், முசிறியிலிருந்தெல்லாம் அடுப்பு பார்க்கக் கூப்பிடுகிறார்கள். தாடிக்காரரைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். இருந்தாலும் அடுப்பு அடுப்புதானே. இறந்துபோன அம்மாளின் பேத்தி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பாட்டி பேர் அலர்மேலு, நீங்கள் கேட்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தாள். இரண்டு தடவை படித்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

நம் ஊர் ஜனங்களை என்னதான் சொல்வது. போன வாரம் அறைந்த மண்ணச்சநல்லூர்த் தெருவில் நேற்று முன்தினம் அவருக்கு எலுமிச்சைச் சாதமும் எனக்குக் குங்குமப்பூவும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அறைந்தவனே பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தானாம். அவன் பெண்டாட்டிக்கு மூன்றாம் மாதமாம், அவனும் தாடி விட்டிருக்கிறானாம்.

இப்போது எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. தாடிக்காரனை நிறுத்தினால், "வீட்ல மாசமா இருக்கா" என்கிறான். "அப்படியா, நல்லபடியா பொறக்கட்டும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். என் பேச்சை ஊர் கேட்கிறது. பெருமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பக்கம் ஒரு டீக்கடையில் ஒரு தாடிக்காரனைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்ல நெறமாசம்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன்" என்றிருக்கிறான். விட்டுவிட்டார்கள். விட்டதோடு இல்லை. டீக்குக் காசு வாங்கவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, லாரி நிறுத்தி ஏற்றியும் விட்டிருக்கிறார்கள். பழம் கொடுத்த அம்மாள் அவன் தலையில் கை வைத்து வாழ்த்தினாராம்.

கடை கேமராவை இன்று போலீஸ் பார்த்திருக்கிறது. அது ஏணி தங்கவேல்.

அக்டோபர் 29, புதன்

என்னைத் திட்டுகிறார்கள். எண்ணி மாளாது. தங்கவேலின் ரகசியப் பெண்டாட்டி நான்தான் என்று ஒருவன் அரை மணி நேரம் பேசி வீடியோ போட்டிருக்கிறான். வயிறு தலையணை என்கிறான். தலையணை உள்ளேயிருந்து உதைத்துக்கொண்டிருக்கிறது, வந்து கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அலர்மேலு அம்மாளின் பேத்திக்கு மட்டும், மன்னித்துக்கொள் பாப்பா என்று அனுப்பினேன். அவளிடம்தான் வருத்தம் சொல்ல வேண்டும். மற்ற ஒருவருக்கும் ஒரு பதிலும் கிடையாது. நான் சொன்னதில் எது பொய்? பொய் சொன்னவன் அவன். வாழைப்பழம் கொடுத்தவர்கள் இவர்கள்.

ரெஜினா அக்கா குழம்பு கொண்டுவருவதில்லை.

நவம்பர் 1, சனி

பூவாளூரில் யாரும் கதவைத் திறக்கவில்லையாம். பெட்டியைக்கூட இறக்காமல் திரும்பி வந்துவிட்டார்.

நவம்பர் 3, திங்கள்

தனிப்படை புள்ளம்பாடியிலேயே அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வீடியோ தங்கவேலுக்காகத் திட்டம் போட்டு எடுத்ததா, இவரேதான் தங்கவேலா என்று விசாரிக்கிறார்களாம். கைரேகை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், பதில் வரும்வரை விட மாட்டார்களாம். போனில் ஒரே நிமிஷம் பேசினார். "மரியாதையாத்தான் நடத்தறாங்க, தோசை வாங்கிக் குடுத்தாங்க" என்றார். நான் பயப்படக் கூடாது என்று தோசையைச் சொல்கிறார்.

நான் பயப்படவில்லை. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இடுப்பு லேசாக வலிக்கிறது, படுத்தே கிடப்பதால் இருக்கும்.

நவம்பர் 6, வியாழன். ஆஸ்பத்திரி

செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

மத்தியானம் பனிக்குடம் உடைந்தது. அத்தை நடுங்கிப்போய் நின்றுவிட்டார். ரெஜினா அக்காதான் சுவரேறிக் குதிக்காத குறையாக ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் எங்கே போனதோ, வழி நெடுக என் கையை விடவில்லை.

பிரசவ வார்டில் படுத்திருந்தபோது அத்தையின் போனில் ஓர் அழைப்பு. அத்தை காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அம்மா, நான் தனிப்படை எஸ்.ஐ. பேசறேன். உங்களுக்கு வலி வந்துருச்சுன்னு இப்பதான் தகவல் வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் தங்கவேல் இல்லன்னு எனக்கே தோணுதும்மா. ஆனா தோணுதுன்னு சொல்லி விட முடியாது. தங்கவேலுக்குத் தாடையில தையல் போட்ட பெரிய தழும்பு இருக்கு. தாடிய எடுத்தா இந்த நிமிஷமே அனுப்பிருவேன். கட்டாயப்படுத்தி எடுக்க எனக்கு உரிமை இல்ல. கைரேகை பதில் நாளைக்குத்தான் வரும். எவ்வளவோ சொல்லியாச்சு, மாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

வலி ஒன்று வந்து போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அவர்கிட்ட குடுங்க சார்."

"கொடி" என்றார். "நீ ஒண்ணும் நெனைக்காத. எத்தன நாள் வச்சிருந்தாலும் நான் எடுக்க மாட்டேன். நீ நல்லபடியா பெத்துட்டேன்னு சொல்லு, அப்புறம் எடுக்கறேன்."

"நான் எடுக்கக் கூடாதுன்னு எப்ப சொன்னேன்?"

"சொல்லல. போன தடவ நான் பண்ணினதே போதும் கொடி."

"போன தடவ என்ன பண்ணீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. கல்யாணத்துக்குப் போறேன்னு வழிச்சுட்டு வந்து நின்னேன்ல. நாலு வருஷமா நீ வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட பரவால்ல. எனக்குத் தெரியாதா?"

எனக்கு வலி மறந்துபோனது. ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று இதே டைரியில் எத்தனை கர்வமாக எழுதியிருக்கிறேன். கேட்காமலேயே நாலு வருஷம் அந்த மனிதனைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறேன். ஊர்க்காரன் அறைந்தது ஒரு நாள்தான்.

"இங்க பாருங்க" என்றேன். "ரெண்டாந்தரம் சொல்ல எனக்கு மூச்சு இல்ல, ஒழுங்காக் கேட்டுக்கங்க. அந்தப் புள்ள போனது உங்களால இல்ல. உங்க சவரத்தால இல்ல. கொடி சுத்திக்கிச்சு, அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும் உங்ககிட்ட சொல்லாம இருந்தேன். யார் மேலயாவது கோவம் வேணும்னு இருந்துச்சு எனக்கு. இப்ப சொல்லிட்டேன். எடுத்துட்டு வாங்க."

"ஏதாச்சும் ஆயிருச்சுன்னா கொடி?"

"ஆயிருச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து அழுவோம். தனித்தனியா அழுதது போதும். எனக்கு நீங்க வேணும், தாடி வேணாம். சீக்கிரம் வாங்க."

போன் கை மாறியது. பிறகு எஸ்.ஐ.யின் குரல், "ஏம்பா, அந்த சலூன்காரரைக் கூப்பிடு" என்று யாரையோ அதட்டியது.

அதற்குப் பிறகு எத்தனை நேரம் என்று தெரியாது. கத்தினேன். நர்ஸம்மா என்னைத் திட்டினார், நானும் அவரைத் திட்டினேன். பயம் இருந்தது. இப்போது எதற்குப் பொய், உடம்பெல்லாம் பயம். நானே எடுக்கச் சொல்லிவிட்டேனே, நானே சொல்லிவிட்டேனே என்று மண்டைக்குள் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. நீ ஒரு மயிருக்கும் பொறுப்பில்லை, பேசாமல் இரு என்று அதையும் திட்டினேன். நடுவில் அத்தை கதவைத் திறந்து தலையை நீட்டி, "வந்துட்டாம்மா, வெளியதான் நிக்கறான்" என்றார்.

பெண். பிறந்ததும் அழவில்லை. நர்ஸம்மா தலைகீழாகத் தூக்கி முதுகைத் தேய்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள்.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஏணி தங்கவேல் நேற்று பிடிபட்டான். யாருமே அவனைப் பார்த்ததாகச் சொல்லாத ஓர் ஊரில், ஒரு சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்தானாம். அலர்மேலு அம்மாளின் பேத்தி போன் செய்து அழுதாள். பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டாள். இன்னும் வைக்கவில்லை என்றேன்.

வீடியோவை எடுத்துவிடுங்கள், மன்னிப்புக் கேட்டு வேறு ஒன்று போடுங்கள் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் நடக்காது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

காலையிலிருந்து பிள்ளை பார்க்க வருகிறார்கள். கூடம் நிறைய ஆட்கள். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் வழித்ததில் தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் வெட்டு. ரெஜினா அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "என்னதான் சொல்லு பூங்கொடி, உன் வீட்டுக்காரர் அத்தனை அடி வாங்கியும் தாடிய எடுக்காம இருந்தாரு பாரு, அதான் புள்ளய நிறுத்திச்சு" என்றார். எடுத்துறச் சொல்லு என்று மீன் குழம்போடு வந்த அதே அக்காதான். வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அத்தையும் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். ஆனால் அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்தப் பிள்ளை போனது நான் வழித்ததால்தானே என்று உள்ளே ஓடுகிறது.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, இவ பொறக்கும்போது இவங்க அப்பா மூஞ்சியில ஒத்த முடி கிடையாது. நாந்தான் எடுக்கச் சொன்னேன். எடுத்த அப்புறந்தான் பொறந்தா. இதையும் போய் ஊர் பூரா சொல்லுங்க. போன தடவ போனதுக்கும் அவரு காரணம் இல்ல, இந்தத் தடவ வந்ததுக்குத் தாடியும் காரணம் இல்ல. இனிமே இந்த வீட்ல யாரும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. அத்தை, உங்களுக்குந்தான்."

ரெஜினா அக்கா குனிந்து பிள்ளையின் துணியைச் சரிசெய்தார்.

மூலையிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அக்கா மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. அந்தக் குழந்தை போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அத்தை பதறி எழுந்தார். இருங்க என்று கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே மெதுவாக நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன்.